தூளி

கண்ணனுக்குப் பிரம்மதேவன் மணிகள் இழைத்த பொன் தொட்டிலை அனுப்பியதாகப் பெரியாழ்வார் பாடினார். பிள்ளைத்தமிழ் செய்த புலவர்களும் 10 பருவங்களுள் மூன்றாவதைத் தாலாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். ஆயினும், தாய் பலகாலம் உடுத்து, துவைத்துத் துவைத்துச் சாயம்போன நூற்புடைவையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் தூளிக்கு ஈடான சயனம் வேறொன்று உண்டென்று நான் நம்பவில்லை.

புதுப்புடைவை இதற்கு உதவாது. கஞ்சியின் விறைப்பு முற்றிலும் நீங்கி, இழை தளர்ந்து, தாயின் தேகவாசனை ஏறிய பழந்துணியே பச்சிளம் முதுகுக்கு இணங்கி வளைகிறது. விளிம்புகளுக்கிடையே ஒரு கட்டையைச் செருகிவிட்டால் வாய் அகன்று உள்ளே காற்று சஞ்சரிக்கும். குழந்தை சிறுநீர் கழித்தாலோ, அது தேங்காமல் துணியினூடே கசிந்து தரையில் சொட்டும். அவ்வோசை கேட்டு, மாவு படிந்த கையோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்து, தரையைத் துடைத்து, ஈரத்தை மாற்றி, உலர்ந்த துணியொன்றை மடித்து உள்ளே விரித்து, முகம் சுளிக்காமல் மறுபடியும் ஆட்டத் தொடங்கும் அந்தத் தாயின் லாகவம் இருக்கிறதே, அதை நான் ஓர் உபாசனையாகவே மதிக்கிறேன்.

நடவு நாட்களில் வரப்போரத்து வேப்பங்கிளையிலும் இதே தூளிதான்; கூலிக்குச் செல்பவள் அதைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

வீட்டிலோ, தூளியில் கட்டிய கயிற்றைத் திண்ணையிலிருந்தே இழுக்கும் பாட்டி அயர்ந்து கையை நிறுத்திய கணத்தில், உறங்கிவிட்டதென்று எண்ணிய சிசு துணியை விலக்கித் தலையை நீட்டிச் சிரிக்கும். அவளும் சலிப்பின்றித் தாலாட்டை முதலடியிலிருந்து தொடங்குவாள்.