கணத்தின் இசையும் காலத்தின் பதிவும்: ‘சக்தி’ குழுவின் அரங்கிசைத்தட்டு குறித்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியில் முழுநிலா நாளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தினால், நீரடியிலிருந்து எழும் இசையைக் கேட்கலாம் என்பது இப்பகுதி மக்களின் நெடுங்கால வழக்கு. அவ்வொலியை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு செய்யுள் யாத்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்க நீண்ட காலம் உழைத்து, 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை அரங்கேற்றியவரும் அவரே. அவ்வுழைப்பின் பெருமையை எண்ணுந்தோறும் அது வேண்டப்பட்டதன் காரணமும் உடன் நினைவுக்கு வருதல் வேண்டும். யாழைப் பற்றிய சொற்கள் ஏட்டில் நின்றன. யாழின் ஒலி நிற்கவில்லை. ஆதலாற் கணிதத்தையும் இலக்கியச் சான்றுகளையும் துணைக்கொண்டு ஒலியை உய்த்துணர வேண்டியதாயிற்று.

ஒலியைச் சேமிக்கும் கருவிகள் தோன்றிய பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. முன்னரே வகுத்தமைத்த உருப்படியொன்றைப் பதிவுசெய்தலில் இடர்ப்பாடு அதிகமில்லை. அரங்கில், அக்கணத்தில், கலைஞரின் கற்பனையாற் பிறக்கும் இசையைப் பதிவுசெய்தால் எஞ்சுவது அவ்விசைதானா, அன்றி அதன் சுவடு மாத்திரமா? இவ்வினாவை ஆராய்வதற்கு ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு மிகப் பொருத்தமானது. 1975 யூலை 5ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டிலுள்ள சவுதாம்ப்ரன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு அது. கொலம்பியா நிறுவனம் 1976இல் அதனை வெளியிட்டது. அதில் அமைந்தவை மூன்றே உருப்படிகள்: ‘களிப்பு’ எனப் பொருள்படும் தலைப்புடைய 18 நிமிட உருப்படி, ‘தாமரைப் பாதம்’ எனப் பொருள்படும், 5 நிமிடத்துக்கும் குறைந்த சிற்றுருப்படி, இறைவன் திருவடியில் ஆடும் பேரின்பத்தைச் சொல்லும் மிக நீண்ட தலைப்புடன் தட்டின் மறுபக்கம் முழுவதையும் நிரப்பும் 29 நிமிட உருப்படி.

குழுவினரின் பின்னணி கருதத்தக்கது. கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லின் ஆங்கிலேயர். மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவோடு இசைத்தவர். 1971இல் ‘மகாவிஷ்ணு’ குழுவை அமைத்து, றொக் இசையின் மின்விசையையும் பேரொலியையும் ஜாஸ் கற்பனையோடு இணைத்தவர். புகழின் உச்சியில் அம்மின்கருவிகளைத் துறந்து, வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வயலின் கலைஞர் எல். சங்கர் சென்னையிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். ஏழாம் வயதில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வாசித்தவர். 1958இன் வன்செயல்களின் பின் குடும்பத்தோடு ஈழத்தை விட்டு நீங்கியவர். தபேலாவில் ஸாகிர் ஹுசைன், கடத்தில் ‘விக்கு’ விநாயகராம், மிருதங்கத்தில் இராம்நாட் இராகவன் ஆகியோர் அமர்ந்தனர். கருநாடக மரபு, இந்துஸ்தானி மரபு, மேலைத்தேயக் குழுவிசை மரபு என மூன்று இலக்கணங்கள் ஒரே மேடையிற் சந்தித்தன.

இலக்கணங்கள் மூன்றாயின், மனோதர்மத்துக்கு அடிப்படையாய் நிற்பது யாது? இவ்விசைத்தட்டின் முதன்மை இதற்கான விடையிலேயே தங்கியுள்ளது. றொக் குழுக்களின் கற்பனையிசைக்குப் பெரும்பாலும் தாங்கலாக அமையும் தாழ்சுரக் கிற்றாரும் மேலைத்தேய முழவுத் தொகுதியும் இங்கு இல்லை. சுரக்கூட்டுகளின் மாற்றமும் ஏறத்தாழ இல்லை. எஞ்சுவன ஆதார சுருதி, சுரவரிசை, தாளச் சுழற்சி என்பனவே. முதல் உருப்படியிற் கிற்றாரும் வயலினும் கடினமான சொற்கட்டை ஒரே மூச்சில் ஒன்றாக இசைத்துவிட்டுப் பிரிகின்றன. ஒன்று விரிக்க, மற்றது காத்திருக்கிறது. பின்னர் வினாவும் விடையுமாய் இரண்டும் நெருங்குகின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுக்கும்போது செவியிற் படுவது விரலின் திறமை மட்டுமன்று; ஒருவரை ஒருவர் கூர்ந்து கேட்கும் கேள்வித்திறனுமாகும். கற்பனையிசையில் வாசித்தல் பாதி, கேட்டல் பாதி. எழுதிவைத்த இசையில் மறைந்துநிற்கும் இவ்வுண்மையை அரங்குப் பதிவு வெளிப்படையாக்குகிறது.

மூன்றாம் உருப்படியே இம்மூன்றனுள் தலையாயது. ஆலாபனையை ஒத்த அமைதியிலிருந்து படிப்படியாக விரைவெய்தும் அதன் போக்கிற் பொறுமை இருக்கிறது. தபேலாவின் மீட்டொலி, மிருதங்கத்தின் அழுத்தம், கடத்தின் வறண்ட மணியோசை என்பன தத்தம் தன்மை கெடாமல் ஒரே தாளச் சுழற்சியிற் பொருந்துகின்றன. இரு மரபுகளின் தாளமொழிகள் இவ்வாறு உரையாடுவதை அக்காலக் கேட்போர் அரிதாகவே கேட்டிருப்பர். ‘தாமரைப் பாதம்’ அளவாற் சிறிதாயினும் பெருவேகங்கள் இரண்டின் நடுவே நின்று செவிக்கு ஓய்வளிக்கிறது.

குறைகளும் உள. ‘களிப்பு’ உருப்படியில் வேகம் சில இடங்களிற் பொருளை முந்துகிறது. சுரங்கள் கணக்கில் நிறைகின்றனவே அன்றி, அவற்றின் இடையே கமகம் தங்குவதற்கு இடமில்லை. கையொலி பேரளவில் எழுவதும் பெரும்பாலும் வேகத்துக்கே. கேட்போரின் மகிழ்ச்சி கலைஞரை முன்தள்ளுவது அரங்கின் ஆற்றல்; அதுவே அரங்கின் ஆபத்துமாகும். எனினும் கூடத்தில் திருத்திச் செப்பஞ்செய்த பதிவு இக்குறையை மறைத்திருக்கும். அரங்குப் பதிவு அதனையும் சான்றாக விட்டுச்செல்கிறது. 2024 டிசெம்பரில் ஸாகிர் ஹுசைன் மறைந்தார். அவர் விரல்கள் இருபத்துநான்கு வயதில் என்ன செய்தன என்பது இத்தட்டிற் செவிக்கு எட்டுவதாய் நிற்கிறது.

எனினும் ஒரு பதிவு மாத்திரம் போதுமா? 1976இல் இத்தட்டைக் கேட்டவர்க்கு அவ்வோரிரவே ‘சக்தி’யாயிற்று. பன்முறை கேட்கக் கேட்க, கணத்திற் பிறந்த சொற்கட்டும் எழுதிவைத்த உருப்படி போல மனத்தில் உறைகிறது. பதிவு மனோதர்மத்தைக் காப்பாற்றும் அதேவேளை அதனைக் கல்லாக்கியும் விடுகிறது. இம்முரண்பாட்டுக்கு மேலைத்தேயத்து றொக் இரசிகர்கள் தம்மையறியாமலே ஒரு தீர்வு கண்டனர். 1965 முதல் 1995 வரை இயங்கிய ‘கிறேற்புல் டெட்’ குழு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தியது. அவற்றுட் பெரும்பாலானவற்றின் ஒலிநாடாக்கள் எஞ்சியுள்ளன. இரசிகர் பதிவுசெய்வதை அக்குழு தடுக்கவில்லை. 1984இல் அவர்க்கெனத் தனியிருக்கைகளையும் ஒதுக்கியது. 1977 மே 8ஆம் நாள் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரே பாடலின் இரு இரவுகளை ஒப்புநோக்கும்போதுதான் எது மாறாதது, எது அன்று பிறந்தது என்பது தெளிவாகும். ஓரிரவின் பதிவு படைப்பைக் காட்டும். ஈரிரவின் பதிவே படைக்கும் முறையைக் காட்டும். ‘சக்தி’ குழு 1976, 1977 ஆண்டுகளில் மொன்றோ விழாவில் இசைத்தவை 2003இல் வெளிவந்தமை இவ்வகையிற் பயன் மிக்கதாகும்.

இக்கருத்து வாவிக்கரைக்கு அந்நியமானதன்று. வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் கணத்தின் கலையே. ஏட்டிலுள்ள பாட்டு ஒன்றாயினும், ஆடுவோனின் மூச்சையும் கால்வலுவையும் கூட்டத்தின் விழிப்பையும் அறிந்து மத்தளத்தை நடத்துபவர் அண்ணாவியார். தாளக்கட்டு நீள்வதும் குறுகுவதும் அவர் கையிலும் கண்ணிலும் தங்கியவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலிய கூத்து நூல்களைப் பதிப்பித்தும், ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றைப் பேராதனை மாணவரைக்கொண்டு மேடையேற்றியும் செய்த பணி என்றும் போற்றற்குரியது. அப்பதிப்புகளாற் சொல் காக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட அண்ணாவியார், ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு குறிப்பிட்ட களரியில் எழுப்பிய ஒலி அச்சில் அடங்குவதன்று.

இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத களரி இல்லை. ஆயினும் ஊர், நாள், அண்ணாவியார் பெயர், கூத்தின் பெயர் என்பன குறிக்கப்படாத துண்டுப் பதிவு ஆராய்ச்சிக்கு உதவாது. சவுதாம்ப்ரன் பதிவு திறனாய்வுக்கு இடந்தருவது, அதன் நாளும் இடமும் கலைஞர் பெயர்களும் ஐயமின்றி அறியப்பட்டிருப்பதாலேயாகும். ஒரே கூத்தை ஒரு களரியிலன்றிப் பல களரிகளில், முழு இரவும், இக்குறிப்புகளோடு பதிவுசெய்து பேணுதல் பல்கலைக்கழக மாணவரால் இயலாத காரியமன்று. விபுலானந்த அடிகளுக்கு யாழின் ஒலி கிட்டவில்லை, கணக்கே கிட்டியது. மத்தளத்தின் ஒலி இன்னும் கேட்கிறது. அதனையும் வருங்காலத்தார் கணக்கிட்டே அறிய வேண்டிய நிலை நேருமாயின், அக்குறை காலத்தினுடையதாகாது.