ஓவனில் வைத்த கிளை

கிரெஸ்டட் கெக்கோ, நியூ கலிடோனியா தீவுப் பல்லி. கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி முள் வரிசை இருக்கும். அழிந்தே போச்சு என்று நினைத்திருந்ததை 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்கிறது, எங்கள் வீட்டிலும்தான். மரமேறி என்பதால் தொட்டிக்குள் கிளையும் கொடியும் வேண்டும். வெளியிலிருந்து எடுத்துவந்த கிளையை எப்படித் தயார் பண்ணுவது என்று தேடினால், வழிகாட்டிகள் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொல்கின்றன: 250 டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணியோ ஒரு மணியோ ஓவனில் வை, கிருமி போய்விடும்.

இந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

250 பாரன்ஹீட் என்றால் 121 செல்சியஸ். ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவின் எண்ணும் அதுவே. அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். ஆனால் ஆட்டோகிளேவில் வேலை செய்வது அழுத்தத்தில் இருக்கும் நீராவி. வெறும் சூட்டில் முழுசாகக் கிருமி நீக்க 160 செல்சியஸில் இரண்டு மணி நேரம் வேண்டும். சரி, அப்படியே நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளை போகிற இடம் ஈரமான தொட்டி. பல்லியின் குடலிலேயே சால்மொனெல்லா இருக்கலாம். கழிவைத் தின்ன மண்பூச்சிகளை வேறு நாமே காசு கொடுத்து வாங்கி உள்ளே விடுகிறோம்! ஒரு வாரம் தாங்குமா அந்தச் சுத்தம்?

சூட்டினால் உண்மையிலேயே பலன் இருப்பது கிளைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி, புழு, முட்டை விஷயத்தில். அதற்குத் தெளிவான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. கப்பலில் வரும் மரப்பெட்டிகளில் ‘ஹெச்டி’ என்று முத்திரை பார்த்திருப்பீர்கள். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி சூடேற்றிய மரம் என்று அர்த்தம். மரத்தின் நடுப்பகுதி 56 செல்சியஸை எட்டி, தொடர்ந்து 30 நிமிடம் அதில் நிற்க வேண்டும். கவனியுங்கள், ஓவனின் சூட்டைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. மரம் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். கட்டைவிரல் தடிமன் கொடிக்கும் முழங்கை தடிமன் கட்டைக்கும் ‘ஒரு மணி நேரம்’ என்று ஒரே கணக்கு சொல்வது அபத்தம். ஓரமாகச் சின்னத் துளை போட்டு, இறைச்சிக்குக் குத்தும் தெர்மாமீட்டரை நடு வரைக்கும் செருகினால் போதும். 56 வந்ததும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பியுங்கள். ஓவனை விட்டு நகரக் கூடாது. பிசின் வடியும் பைன் கட்டையை உள்ளே வைக்கவே வேண்டாம்.

எந்தச் சூடும் சரிசெய்யாத விஷயம் மர வகை. சீடார் மரத்தின் வாசனை எண்ணெய் ஊர்வனவற்றுக்கு ஆகாது. வட அமெரிக்காவில் கொடி பொறுக்குகிறவர்களுக்கு இன்னொன்று: மரத்தில் ரோமம் மாதிரி வேர்களோடு ஏறியிருக்கும் கொடி பாய்சன் ஐவியாக இருக்கலாம். நம்மூர்ச் சேராங்கொட்டையின் குடும்பம். கொடி காய்ந்து வருடக்கணக்கானாலும் அரிப்பு எண்ணெய் போகாது. அதை வீட்டு ஓவனில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். வழிகாட்டிகள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவதே அபூர்வம்.

கடையில் விற்கும் திராட்சைக் கொடி பார்க்க அழகு, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். அது வறண்ட பாலைவனத் தொட்டிக்குச் சரி. கெக்கோவுக்கு கார்க் மரப்பட்டை எவ்வளவோ தேவலை.

நானும் முதல் தடவை அந்த ஒரு வரியை நம்பினவன்தான். நண்பர் தோட்டத்து மேப்பிள் கிளையை மணி பார்த்து ஓவனில் வைத்தேன், இரண்டு தடவை. பிறகு மண்ணின் மேல் சும்மா சாய்த்து வைத்தேன். இரவில் பல்லி தாவியதும் கிளை சரிந்தது. காலையில் பார்த்தால் வால் தனியாகக் கிடந்தது. வீட்டுப் பல்லிக்கு வால் முளைக்கும், கிரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்காது. இப்போதெல்லாம் கிளையின் அடியில் கனமான ஸ்லேட் கல்லை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, கண்ணாடித் தரையில் நிறுத்தி, கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மண்ணைக் கொட்டுகிறேன்.