நல்லெண்ணமும் மறுக்கும் உரிமையும்

வறிய நாட்டுச் சிறுவர்களுக்குக் கால்பந்தும் கூடைப்பந்தும் பயிற்றுவிக்க, வளம் மிக்க நாடுகளின் கல்லூரி மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் புறப்பட்டுச் செல்வது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. பந்தும் புன்னகையுமாக வரும் இளைஞரை யார்தான் குறை கூறுவர்? குறை கூறத் துணிந்த ஒரு குருவின் உரையை இங்கே நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அவ்வுரையின் பொருள் விளையாட்டு அன்று. ஆயினும் இத்தொண்டினை நிறுத்துப் பார்க்க அது நல்லதொரு துலாக்கோல்.

1926-இல் வியன்னாவில் பிறந்து, 1951-இல் குருப்பட்டம் பெற்ற இவான் இல்லிச், மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் ஒரு கல்வி மையத்தை நடத்தி வந்தார். மெக்சிகோக் கிராமங்களில் கோடைக்காலத் தொண்டு செய்து வந்த வட அமெரிக்க மாணவர்களின் அமைப்பின்முன் 1968 ஏப்ரல் 20 அன்று அவர் உரையாற்றினார். பயணிகளாகவோ கற்பவர்களாகவோ அவர்கள் வருவதை வரவேற்ற இல்லிச், உதவ வருவதை மட்டும் வெளிப்படையாக எதிர்த்தார்.

அவர் கூறும் காரணங்களுள் மூன்று முதன்மையானவை. மொழி அறியாதவர், தம்மைப் பற்றி ஊரார் எண்ணுவதைக்கூட அறிய இயலாது. அடுத்து, அவர் தம் நாட்டு வாழ்க்கை முறையை, தாமே அறியாமல், அங்கே விலைபேசுகிறார். மூன்றாவதே உரையின் உயிர்நாடி: தொண்டு செய்தே ஆகவேண்டுமெனில், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய சொந்த நாட்டு ஏழைகளிடையே செய்க என்கிறார். மறுக்க வல்லவருக்குச் செய்வதே தொண்டு. மறுக்க இயலாதவர்மீது சுமத்தப்படுவது ஒருவகை ஆதிக்கம்.

இக்கருத்தை ஆடுகளத்தில் பொருத்திப் பார்ப்போம். தன் நாட்டில் ஒரு பள்ளி அணியைக்கூடப் பயிற்றுவிக்கத் தகுதி பெறாத மாணவர், விமானத்திலிருந்து இறங்கியதும் பயிற்றுநர் ஆகிவிடுகிறார். ஆண்டெல்லாம் அச்சிறுவர்களோடு புழுதியில் நின்ற உள்ளூர் இளைஞர் ஓரமாக ஒதுங்க நேரிடுகிறது. சில வாரங்களில் விருந்தினர் விடைபெறுவர். பழகிய சிறுவரின் ஏக்கத்தைத் தாங்கவேண்டியவர் அந்த உள்ளூர் இளைஞரே. இதில் சிறுவரின் விருப்பத்தைக் கேட்டவர் யார்?

எனினும், உரையில் ஒரு பெருங்குறையைக் காண்கிறோம். ஏழைகளின் குரலை மாணவர் கேட்கவில்லை என்று கடியும் இல்லிச்சின் உரையிலும் ஏழைகள் பேசுவதில்லை. அவர்களுக்காக அவரே பேசிவிடுகிறார். தம்மிடம் வருவோரை ஏற்கவும், திருத்தவும், வேலை வாங்கவும் வல்லவர்களாக அவர்களை அவர் காட்டவில்லை.

ஆப்பிரிக்காவின் இரு நகரங்கள் இக்குறையைத் தெளிவாக்குகின்றன. ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவுக்குப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சில 2006 முதல் மாணவர்களை அனுப்பலாயின. அங்கே 1998-இல் 'ஸ்போர்ட் இன் ஆக்ஷன்', 1999-இல் 'எஜூஸ்போர்ட்' என ஜாம்பியரே தொடங்கிய அமைப்புகள் ஏற்கெனவே செயல்பட்டு வந்தன. உள்ளூர் இளைஞர்களே விளையாட்டின் வழியாக எச்.ஐ.வி. விழிப்புணர்வையும் ஊட்டி வந்தனர். நியாஞ்சா மொழி பேசும் சிறுவரிடையே, விருந்தினர் அந்த இளைஞரைச் சார்ந்தே நிற்கவேண்டும்.

கென்யாவின் நைரோபியில் மத்தாரே சேரிப் பகுதியின் இளைஞர் விளையாட்டுச் சங்கம் 1987-இல் உருவாயிற்று. அதைத் தொடங்கியவர் கனடா நாட்டவரான பாப் மன்ரோ. ஆனால் அவர் விடுமுறைக்கு வந்தவர் அல்லர், அந்நகரிலேயே வாழ்ந்தவர். குடியிருப்பின் குப்பையை அகற்றும் அணிகளுக்குப் போட்டிப் பட்டியலில் புள்ளிகள் சேரும். பொறுப்புகள் சேரியின் இளைஞரிடமே வந்தடைந்தன. அச்சங்கத்தினின்று 1994-இல் பிறந்த மத்தாரே யுனைடெட் அணி 2008-இல் கென்யாவின் முதன்மைக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. வெளியார் வரவே கூடாது என்னும் இல்லிச்சின் தடை இங்கே தளர்கிறது.

ஆயினும் அவருடைய கேள்வி தளரவில்லை. பந்துகளும் நிதியும் விருந்தினர் வழியாகவே வருமாயின், "இவ்வாண்டு எவரும் வரவேண்டாம்" என்று சொல்லும் துணிவு உள்ளூர் அமைப்புக்கு இருக்குமா? உதவியை இழக்காமல் விருந்தினரை மறுக்க முடிகிறதா என்பதே உண்மையான சோதனை.

உரைக்கு நாம் சேர்க்க விரும்பும் விளக்கம் ஒன்று உண்டு. சமாரியப் பெண்ணிடம் வாழ்வளிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுமுன், ஆண்டவர் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தர மறுக்கும் உரிமையை அவளுக்கு முதலில் அளித்த பின்னரே தம் கொடையை எடுத்துரைத்தார். பந்தோடு புறப்படும் நம் இளைஞரும், அங்குள்ள பயிற்றுநரிடம் முதலில் ஓர் இடம் கேட்கட்டும். அவர் இல்லை என்றால், வருத்தமின்றித் திரும்பவும் கற்றுக்கொள்ளட்டும்.