‘அவேக்கனிங்ஸ்’: படம் சொல்லாமல் விட்டது

பார்க்கின்சன் நோய் என்றதும் ‘அவேக்கனிங்ஸ்’ என்னும் ஆங்கிலப் படம் உங்களுள் சிலருக்கு நினைவு வரலாம். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1973-இல் எழுதிய நூலைத் தழுவி, 1990-இல் பென்னி மார்ஷல் இயக்கியது. 1969-இல் நியூயார்க் நகரின் மருத்துவமனையொன்றில், பல்லாண்டுகள் சிலைபோல் இருந்த நோயாளிகள் எல்-டோப்பா மருந்தால் எழுந்து நடக்கின்றனர். கோடை கழிவதற்குள் மீண்டும் உறைந்துவிடுகின்றனர்.

படத்தில் ஒரு காட்சி மிக நன்று. தரையில் கட்டங்கள் முடியுமிடத்தில் நோயாளி ஒருத்தி நின்றுவிடுகிறாள். மீதித் தரையிலும் கட்டம் வரைந்ததும் மேலே நடக்கிறாள். இது கற்பனையன்று. கால் உறைந்து நிற்பவர்களுக்குத் தரையில் குறுக்குக் கோடுகள் இட்டு நடை பழக்குவது இன்றும் உண்டு.

ஆனால், ‘இம்மருந்து சில நாள் வேலை செய்து கைவிட்டுவிடும்’ என்ற எண்ணத்தோடு பார்ப்பவர் எழுந்து போனால், அந்தப் பிழைக்குப் படமே பொறுப்பு. அந்நோயாளிகள் 1920-களை ஒட்டிப் பரவிய தூக்க மூளையழற்சியால் தாக்குண்டவர்கள். மருந்துக்கு அவர்கள் காட்டிய விளைவு மிகக் கடுமையானது. நூலில் இருபது பேரின் வரலாறுகள் உள்ளன. அவர்களுள் சிலர் ஆண்டுக்கணக்கில் பயனடைந்தனர். படமோ எல்லாரையும் ஒரே கதியில் முடிக்கிறது. கதைக்கு அது வசதி!

பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோப்பாவே இன்றும் தலைமை மருந்து. நோய் முற்றும்போது தொல்லை வருவது உண்மை. மின்தேக்கி பழுதடைந்த மின்சுற்றை எண்ணிப் பாருங்கள். மின்னழுத்தம் சீராக நில்லாமல் ஏறி இறங்கும். டோப்பமினைச் சேமித்துவைக்கும் மூளைச் செல்கள் அழிந்தபின் நிலைமை அதுவே. மருந்தின் அளவு இரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. மாத்திரை ஏறும்போது உடல் தானே நெளிகிறது, இறங்கும்போது உறைகிறது.

ஆகவே சிறு சிறு அளவாக அடிக்கடி தருகிறார்கள். மருந்தின் ஆயுளை நீட்டும் துணை மருந்துகளைச் சேர்க்கிறார்கள். போதாதபோது, பம்பு மூலம் மருந்தைச் சிறுகுடலுக்குள் இடைவிடாது செலுத்துகிறார்கள். அல்லது அப்போமார்ஃபினைத் தோலடியில் செலுத்துகிறார்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்துப் பெனபிட் 1987-இல் தொடங்கிய முறை வேறு: மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தி, நொடிக்குச் சுமார் 130 துடிப்புகள் அனுப்புவது. மின்கலம் மார்பின் தோலுக்கடியில் இருக்கும். இது நோயைத் தீர்ப்பதில்லை. எல்-டோப்பாவுக்கு இன்னும் நன்றாக இணங்கும் உடலுக்கே பெரிதும் உதவும்; மறதிக்கு உதவாது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இம்மாத்திரை உண்பவரானால், படத்தைப் பார்த்த அச்சத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.