துளைகளில் ஆடும் சுடர்

விறகு எரிகிறது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் எரிவது விறகிலிருந்து கிளம்பும் ஆவியே ஆகும். உலர்ந்த மரம் சூடேறும்போது அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு எரியத்தக்க வளிமங்களாகவும் தார்த்துளிகளாகவும் பிரிந்து மேலெழுகிறது. வெப்பமும் காற்றும் போதிய அளவு கிடைத்தால் அது சுடராகிறது, கிடைக்காவிட்டால் புகையாகிக் கண்ணைக் கரிக்கிறது. அந்தப் புகையை அடுப்புக்குள்ளேயே எரித்துவிடுவதற்காக, இரட்டைச் சுவரின் இடைவெளியில் சூடேறி, மேல்விளிம்புத் துளைகள் வழியே உட்புகும் காற்றை 'இரண்டாம் நிலைக் காற்று' என்பர். அது வளிமத்தைச் சந்திக்கும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சுடர் முளைத்து உள்நோக்கி வளைவதால், விறகடுப்பின் வாயில் காஸ் அடுப்பின் தீவட்டம் போன்ற ஒரு காட்சி உருவாகிறது.

குளிர்நாடுகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே இச்சுடரைப் பார்த்திருப்பது மாலைநேர இன்பமாக வளர்ந்துள்ளது. கணப்பு தேவைப்படாத மதுரைச் சமவெளியிலோ சுடரை ரசிக்கும் கண் சமையலறையில்தான் பழகியது. கார்த்திகையில் சொக்கப்பனை கொழுந்துவிட்டு எரிவதைக் காணக் கூடும் மக்களுக்குத் தீயின் அழகு புதிதன்று என்றாலும், அடுப்படிப் பார்வை அதனினும் நுட்பமானது: பருத்திமார் எப்போது தணியும், சீமைக்கருவேல விறகை எப்போது உள்ளே தள்ள வேண்டும், கொடியடுப்புக்குத் தீ போய்ச் சேர்கிறதா என்பவற்றை நிறத்தையும் ஓசையையும் கொண்டே அறியும் பார்வை அது.

புதிய சுடரின் மதிப்பை உணர, அதற்கு முந்தைய முயற்சியோடு ஒப்பிட வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது. அவற்றில் பல புகைபோக்கியை நம்பியவை. அதாவது புகையை எரிக்காமல் கூரைக்கு மேலே அனுப்பியவை. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். இரண்டாம் நிலை எரிதலோ புகையையே எரிபொருளாக்குகிறது. ஊதாங்குழலுக்கு வேலை குறைகிறது, பாத்திரத்தில் கரி படிவதும் குறைகிறது. தன் வேலை சரியாக நடக்கிறதா என்பதைக் கருவி எதுவுமின்றிச் சமைப்பவரே பார்த்தறிய முடிவது இவ்வடுப்பின் தலையாய சிறப்பு என்று துணிந்து கூறலாம். சுடர் இங்கே அலங்காரமன்று, சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சி நடுவேளையில் மட்டுமே வாய் திறக்கிறது என்பதுதான் ஆழ்ந்து நோக்க வேண்டிய குறை. பற்றவைத்த முதல் சில நிமிடங்களில் துளைக்காற்று சூடேறியிராது. வளிமம் எரியாமலே வெளியேறும். எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் ஈர விறகைச் செருகினாலும், குளிர்ந்த நீர் நிறைந்த அண்டாவைச் சுடருக்கு மிக நெருக்கமாக வைத்தாலும், தீ குளிர்ந்து புகை மீள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகு இதற்கு அன்றாடச் சான்று. மேலும், கண்ணைக் கவரும் மஞ்சள் ஒளி என்பது சுடருக்குள் ஒளிரும் நுண்கரித்துகள்களே. நன்கு கலந்து எரியும் வளிமம் நீலம் கலந்து மங்கலாகத் தெரியும். ஆகவே மிகுந்த ஒளியோடு ஆடும் தீ மிகத் தூய தீயாக இருக்க வேண்டியதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் மட்டுமே. புகை தெரியவில்லை என்ற நம்பிக்கையில் அடுப்புக்கு முன் கூடுதல் நேரம் அமர்பவர், அதே காற்றைத்தான் கூடுதல் நேரம் சுவாசிக்கிறார்.

சுடரின் ஒழுங்குக்கு ஒரு விலையும் உண்டு. சீரான தீவட்டம் சீரான எரிபொருளைக் கேட்கிறது. முள்ளும் வைரமுமான கருவேல விறகைச் சிறு துண்டுகளாக வெட்டி உலர்த்தும் உழைப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது, அடுப்பின் திறனைக் கணக்கிடும்போது அந்த மணிநேரங்கள் எழுதப்படுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பங்களிப்புடன் உருவாகி, 2000-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த 'ஊர்ஜா' அடுப்பு, சிறு மின்விசிறியையும் வேளாண் கழிவைச் செறித்துச் செய்த வில்லைகளையும் கொண்டு இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது. சுடர் அழகாகவே எரிந்தது. வில்லையின் விலை ஏறியதும் பல வீடுகளில் அடுப்பு ஓய்ந்தது. கைக்கு எட்டும் விறகை ஏற்காத அடுப்பு, எவ்வளவு தூய்மையாக எரிந்தாலும், ஏழை வீட்டில் நிலைக்காது.

2007-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும் 2016-இல் வந்த உஜ்வலா திட்டமும் அன்றாடச் சமையலைப் பெருமளவு மாற்றிவிட்ட பின்னும், வெந்நீருக்கும் விருந்துக்கும் கடைச் சமையலுக்கும் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கெல்லாம் இரண்டாம் நிலை எரிதல் வரவேற்கத் தக்கதே. ஆயினும் செயல்விளக்கங்களில் சுடர் எழுந்த பிறகே அடுப்பைக் காட்டும் வழக்கம் மாறி, மூட்டும் நேரத்துப் புகையும் அணையும் நேரமும் சேர்த்துக் காட்டப்பட வேண்டும். மேலிருந்து பற்றவைக்கும் அடுப்புகளில் வளிமம் தீர்ந்ததும் துளைச்சுடர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, அடியில் கரி மட்டும் செந்தணலாகக் கனலும். பார்ப்பவர் எழுந்துபோகும் அந்த வேளையில்தான் நிறமற்ற கார்பன் மோனாக்சைடு மிகுதியாகக் கிளம்புகிறது. அடுப்பை அப்போதே திறந்த வெளிக்கு எடுத்துச் சென்று, இறுக மூடித் தணலை அணைத்தால், எஞ்சும் கரி இஸ்திரி வண்டிக்காவது பயன்படும்.