தந்தையின் விடையும் திணைக் கோட்பாடும்: ஏ.கே. இராமானுஜனின் கட்டுரையொன்றை முன்வைத்து

ஏ.கே. இராமானுஜன் (1929–1993) 1989-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘இந்தியச் சிந்தனை முறை என ஒன்று உண்டா?’ என்னும் கட்டுரை, சூழல்சார் சிந்தனை என்னும் கருத்தாக்கத்திற்காகப் பெரிதும் எடுத்தாளப்படுவது. அக்கருத்தாக்கம் கிளைத்த இடமோ மைசூரில் வாழ்ந்த தமிழ் வைணவக் குடும்பம் ஒன்றின் வீடு.

தந்தை கணிதப் பேராசிரியர், வானியலறிஞர், சோதிடமும் வல்லவர். நீராடித் திருமண் இட்டுக் கீதை ஓதுபவர், பின்னர் பெர்ட்ரண்ட் ரசலையும் பாராட்டிப் பேசுவார். அறிவியல் நோக்கிற்குப் புதிதாக ஆட்பட்டிருந்த மகனுக்கு இம்முரண் உறுத்தியது. நெப்டியூனும் புளூட்டோவும் கண்டறியப்பட்ட பின்னர் நவக்கிரகச் சோதிடம் என்னாவது என வினவினார். உரிய திருத்தங்களைச் செய்துகொண்டால் போதும் என்றார் தந்தை. கீதை பற்றிய வினாவுக்கு, அது உடல்தூய்மை பேணுதல் போன்றது என்றும், மூளைக்கு இரு பகுதிகள் உண்டென்றும் விடை கிடைத்தது.

மகனின் முதல் வினாவிலேயே ஒரு குழப்பம் உண்டு. நவக்கிரகம் என்பது ஞாயிற்றைச் சுற்றும் கோள்களின் தொகை அன்று. ஞாயிறும் திங்களும், பருப்பொருள் அல்லாத இராகு கேதுக்களும் அதனுள் அடங்கும். எனவே புதிய கோள்களின் வரவால் அத்தொகை தானே சிதைவதில்லை. வானியல் அறிந்த தந்தை இதனைச் சுட்டாமல் திருத்தத்திற்கு உடன்பட்டது வியப்பிற்குரியது. (2006-இல் புளூட்டோ குறுங்கோளாக வகைமாற்றம் பெற்றபோது அவர் இருந்திருப்பின் மற்றுமொரு திருத்தம் வேண்டியிருக்கும்.)

இவ்விரு விடைகளும் ஒரு தன்மையன அல்ல என்பதே ஈண்டு முதன்மையாகக் கருதத்தக்கது. திருத்துதல் என்பது புறவுலகச் சான்றுக்குக் கட்டுப்படுதல். அது அறிவியலின் இயல்பு. தூய்மையோடு ஒப்பிடுதலோ மெய்யா பொய்யா என்னும் வினாவையே விலக்கிவிடுகிறது. இராமானுஜன் இரண்டையும் வேறுபடுத்தாமல், சூழல்சார் சிந்தனை என்னும் ஒரே குடைக்கீழ்க் கொணர்கிறார். அச்சிந்தனைக்குச் சங்க அகப்பாடல்களின் திணைப் பாகுபாட்டையும் சான்றாக்குகிறார். குறுந்தொகைப் பாடல்களை 1967-இலேயே ஆங்கிலத்திற்குத் தந்தவர்க்கு இது இயல்பான நகர்வே. எனினும், குறிஞ்சி புணர்தலுக்கு உரியது என்னும் மரபு நிலத்தைப் பற்றியோ மலரைப் பற்றியோ எதனையும் மெய்ப்பிக்க முற்படுவதில்லை. அது புலவோர் வழக்கு. சோதிடம் நாளை நிகழவிருப்பதைக் கூறுகிறது. ஆகவே அது பொய்க்கவும் கூடும். காலைதோறும் கீதை ஓதுதலைத் திணையொழுக்கத்தோடு ஒருவாறு ஒப்பிடலாம். சாதகப் பலனை அவ்வாறு ஒப்பிட இயலாது.

மகன் கேட்டது உண்மையைப் பற்றி. கட்டுரை விடை தருவதோ சிந்தனைப் பாங்கைப் பற்றி. தந்தை மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. இளமையில் கிட்டாத இணக்கத்தை முதிர்ந்த மகன் கோட்பாட்டின் வழியே தேடிக்கொண்டார் எனலாம். முரணைக் களைய முனைந்தவர் அவரே, தந்தை அல்லர்.

இன்னொரு குறையும் உண்டு. 1989-இலேயே வெளிவந்த, கதைகூறல் பற்றிய கட்டுரையில் வடமொழியையும் ஆங்கிலத்தையும் தந்தைமொழிகள் எனவும், தமிழையும் கன்னடத்தையும் தாய்மொழிகள் எனவும் இராமானுஜன் பகுக்கிறார். நம்பிக்கை பற்றிய வினா மட்டும் தந்தையின் படிப்பறையோடு நின்றுவிடுகிறது. அதே வீட்டின் அடுக்களையில் தமிழ் பேசிய பெண்டிரிடம் அவ்வினா எழுப்பப்படவே இல்லை.