மணிக்கட்டால் பேசும் வயலின்

வயலின் வில்லில் குதிரைவால் முடி இருக்கும். அமெரிக்கக் கலைஞரும் எழுத்தாளருமான லாரி ஆண்டர்சன் 1977-இல் அதை எடுத்துவிட்டு, குரல் பதிந்த ஒலிநாடாவைக் கட்டினார். தந்திகளைத் தாங்கும் குதிரை இருக்கவேண்டிய இடத்தில் டேப் ரிக்கார்டரின் ‘ஹெட்’. அவ்வளவுதான் கருவி.

வில்லை ஒரு பக்கம் இழுத்தால் பேச்சு. மறுபக்கம் தள்ளினால் அதே பேச்சு பின்னிருந்து முன்னாக. மெல்ல இழுத்தால் குரல் தடித்து இறங்கும், வேகமாக இழுத்தால் கீச்சென்று ஏறும். பாதியில் நிறுத்தினால் சொல் அறுந்து நிற்கும். கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றிய நமக்கு அந்த நாடா எவ்வளவு மெலிது என்று தெரியும். அதன்மேல் ஒரு சொல்லை மணிக்கட்டால் உச்சரிப்பதென்றால் எத்தனை நாள் சாதகம்!

1981-இல் அவருடைய ‘ஓ சூப்பர்மேன்’ பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம்வரை ஏறியது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முன் அவர் தெருவில் நடத்திய கச்சேரிதான். ஸ்கேட்டிங் காலணிகளின் தகடுகளைப் பனிக்கட்டிகளுக்குள் உறையவைத்து, அவற்றை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் நின்று வயலின் வாசிப்பார். காலடியில் கட்டி கரைந்து ஓடும். அது உருகித் தீர்ந்ததும் கச்சேரி முடியும்.